வேணும்னே தோண்டிய நண்டு

ஒரு காட்டில் ஓர் அணை இருந்தது. அணை என்றதும் பிரமாதமாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி மிதித்துக் கட்டிய ஒரு கரை, நடுவில் ஒரு மதகு, மதகுக்குப் பக்கத்தில் திறந்துவைத்தவர்களின் பெயர்களைப் பொறித்த ஒரு கல். அதில் கல் மட்டும் நல்ல பெரிய கல். கரைக்குக் கீழே இருந்த பள்ளத்தில்தான் முயலும் மானும் அணிலும் எலியுமாகக் காட்டின் பாதி ஜனம் குடியிருந்தது.

இதற்கு முந்தைய அணையை உடைத்தது ஒரு யானை. குளிக்க வந்த இடத்தில் முதலையோடு ஏதோ வாய்த்தகராறு. அந்த ஆத்திரத்தில் மதகை முட்டித் தள்ளிவிட்டுப் போய்விட்டது. காடே பார்த்தது. ஆனால் அது சிங்கராஜாவை ஊர்வலத்தில் சுமக்கிற யானை. அதைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க எந்தக் கொம்பனுக்கும் தைரியம் வரவில்லை. குற்றவாளியைப் பிடிக்க முடியாதபோது ஓர் அரசாங்கம் என்ன செய்யும்? சட்டம் போடும். போட்டார்கள்.

காகம் கிளை கிளையாகத் தாவி அறிவித்தது. "இதனால் சகல ஜீவராசிகளுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், அணைக்கோ கரைக்கோ மதகுக்கோ வாய்க்காலுக்கோ எவரேனும் வேண்டுமென்றே சேதம் விளைவித்தால், அவர் தண்ணீரில்லாத மொட்டைப்பாறையில் ஆயுள் முழுக்கக் கிடக்க வேண்டும். ஜாமீன் கிடையாது." யானை உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். யானை கொஞ்சம் பலமாகவே தட்டியது.

அந்தக் கரைக்குள்தான் காத்தாயி என்ற நண்டு குடியிருந்தாள். அவள் அம்மா கரையில் வளை தோண்டி வாழ்ந்தவள், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். நண்டு என்றால் கரையில் வளை, அதில் யாரும் அதுவரை குற்றம் கண்டதில்லை. விரல் பருமனில் ஒரு வாசல், உள்ளே ஒரு முழத்துக்கு ஈரமான வீடு. பிள்ளைகள் இன்னும் அவள் வயிற்று மடிப்புக்குள்ளேயே இருந்தன. நண்டுக் குஞ்சுகள் கொஞ்சம் தெளியும்வரை தாயின் அடிவயிற்றில்தான் ஒட்டிக் கிடக்கும். ஈரம் மட்டும் போய்விடக் கூடாது. காத்தாயிக்கு உலகத்தில் இருந்த ஒரே கவலை அந்த ஈரம்தான்.

அந்தச் சமயத்தில் சிங்கராஜா அணையைப் பார்வையிட வரப்போவதாகத் தகவல் வந்தது. ராஜா வருகிறார் என்றால் கரை உயரமாகத் தெரிய வேண்டாமா? உயர்த்துகிற வேலை காண்ட்ராக்டர் காட்டுப்பன்றியார் கைக்குப் போயிற்று. மண் எடுக்கத் தெற்குக் குன்றுக்குப் போக வேண்டும் என்பது உத்தரவு. தெற்குக் குன்று ரொம்ப தூரம், வெயில் வேறு. பன்றியார் பார்த்தார். கரையின் அடிவாரத்திலேயே மண் இருக்கிறதே! கரையின் காலைப் பறித்தார், கரையின் தலையில் போட்டார். நாளுக்கு நாள் கரை உயர்ந்துகொண்டே போனது, இடுப்பு மெலிந்துகொண்டே வந்தது. மேற்பார்வைப் பொறியாளர் எருமையார் அணைத் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்து, "உயரம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி அமிழ்ந்துகொண்டார். அவர் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் உயரம் மட்டும்தான் தெரியும்.

ஒரு காலையில் காத்தாயி கண்விழித்தபோது வீட்டின் கொல்லைப்புறத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாசல் பக்கம் தண்ணீர் இருப்பது சகஜம். கொல்லைப் பக்கம் தண்ணீர் வந்தால் அது நடுக்கரையைக் குடைந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். வந்த தண்ணீரும் சேறாக, பழுப்பாக வந்தது. காத்தாயி பிள்ளைகளை மடிப்புக்குள் இறுக்கிக்கொண்டு குடுகுடுவென்று எருமையாரிடம் ஓடினாள்.

"ஐயா, கரை கரையுதுங்க. கீழ மண்ணு பறிச்ச இடத்துலேர்ந்து தண்ணி பீச்சுது. பள்ளத்துல அத்தனை பேர் இருக்காங்க, சீக்கிரம் வந்து பாருங்க."

எருமையார் அசை போடுவதை நிறுத்தாமலே கேட்டார். "கரையுதுன்னா, சேதமா?"

"சேதம்தாங்க."

"அப்ப இது என் வேலை இல்லம்மா. நான் பராமரிப்பு. சேதம்னா போலீஸு. புதுச் சட்டம் வந்திருக்குல்ல, காக்கா சொன்னது காதுல விழலையா?"

அட பாவி, எழுந்து நாலு அடி வைத்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். எருமைக்குத் தோன்றாது. காத்தாயி போலீஸுக்கு ஓடினாள்.

காவல் நிலையத்தில் வரிசை நின்றது. டோக்கன் வாங்கச் சொன்னார்கள். வாங்கினால், சிலந்தி வலையில் நெட்வொர்க் இல்லை, உட்கார் என்றார்கள். நண்டு எப்படி உட்காரும்? பக்கவாட்டில் இங்கும் அங்கும் நடந்தாள். இன்ஸ்பெக்டர் செந்நாய் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பல்லைக் குத்தியபடி வந்தார்.

"என்ன விஷயம்?"

"கரை உடையப் போகுதுங்க ஐயா."

இன்ஸ்பெக்டரின் காது நிமிர்ந்தது. சட்டம் வந்து இத்தனை நாளாகியும் அவர் நிலையத்தில் ஒரு வழக்குகூடப் பதிவாகவில்லை. பக்கத்துக் காட்டு இன்ஸ்பெக்டர் அதற்குள் ஓர் ஓடையைச் சேதப்படுத்தியதாக ஒரு வாத்தைப் பிடித்துப் பதக்கமே வாங்கிவிட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்குள்ள தண்ணி வந்துதுங்க."

"உன் வீடு எங்க இருக்கு?"

"கரைலதாங்க."

"கரை மேலயா?"

"கரைக்குள்ளங்க."

"கரைக்குள்ள எப்படிப் போன?"

காத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. போலீஸ்காரர் இப்படிக்கூடக் கேட்பாரா என்று நினைத்தாள். "தோண்டித்தாங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். கதவைச் சாத்தச் சொன்னார். புகார் கொடுக்க வந்தவள் அந்த நிமிடமே குற்றவாளி ஆகிவிட்டாள். "ஐயா, என்னை அப்புறம் பிடிங்க, முதல்ல அந்தக் கரையை அடைங்க" என்று அவள் கத்தினாள். கத்தியதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள், அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக.

செய்தி பரவியதும் காடே கரைக்கு வந்து எட்டிப் பார்த்தது. எதைப் பார்த்தது என்கிறீர்கள்? நண்டு வளையைத்தான். அடிவாரத்தில் பத்து மாடு நிற்கிற அளவுக்குப் பள்ளம் பறிக்கப்பட்டிருந்தது, அதை எல்லோரும் சுற்றிக்கொண்டு போய், விரல் பருமன் ஓட்டையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சிலர் அந்தப் பள்ளத்திலேயே இறங்கி நின்று பார்த்தார்கள், அங்கிருந்து ஓட்டை நன்றாகத் தெரிந்தது. "அடிப்பாவி, குடிக்கிற தண்ணியில கை வெச்சிட்டாளே" என்று ஒரு மான் அழுதது. அன்றைக்குக் காட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு குற்றவாளி, அதுவும் கையடக்கமாக, திருப்பிக் கடித்தாலும் பெரிதாக வலிக்காத குற்றவாளி.

எருமையார் கொஞ்சம் வைக்கோலை அடைத்துக் கசிவை மறைத்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி ஆமையார். வயதானவர், நிதானமானவர். சிக்கலான கேள்வி வந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். பதவியில் இத்தனை காலம் அவர் நீடித்தது அந்த ஓட்டால்தான். அரசுத் தரப்பில் நரியார். காத்தாயிக்குக் காசு இல்லாததால் அவளுக்கு இலவசச் சட்ட உதவியில் ஓணானாரைக் கொடுத்தார்கள். ஓணானார் நல்லவர். ஆனால் ஜென்மப் பழக்கம், யார் எது பேசினாலும் தலையாட்டுவார். நரியார் "இந்த நண்டு ஒரு தேசத்துரோகி" என்று தொடங்கியபோதே ஓணானார் மேலும் கீழுமாக மூன்று முறை ஆட்டிவிட்டார். "எதிர்த்தரப்பும் ஒத்துக்கொள்கிறது" என்று குறிப்பு எழுதினார்கள்.

நரியார் கூண்டருகே வந்தார். குரலில் தேன் சொட்டியது.

"ஏம்மா காத்தாயி, கரையில ஓட்டை போட்டது நீதானே?"

"வீடுங்க ஐயா அது."

"வீடோ மாடமோ, போட்டது நீதானே?"

"ஆமாங்க."

"பயப்படாம சொல்லு. தெரியாத்தனமாப் போட்டியா, வேணும்னே போட்டியா?"

காத்தாயி யோசித்தாள். இவ்வளவு படித்தவர் இப்படி அசட்டுத்தனமாகக் கேட்கிறாரே என்று அவருக்காக வெட்கப்பட்டாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வீடு வேண்டும் என்றுதானே தோண்டினாள்? வயிற்றில் பிள்ளைகளோடு இருக்கிறவளுக்கு வீடு வேண்டாமா?

"வேணும்னேதாங்க போட்டேன்" என்றாள் தெளிவாக. "வேண்டாம்னு யாராச்சும் வீடு தோண்டுவாங்களா?"

மன்றம் அதிர்ந்தது. குரங்குகள் கிளையை உலுக்கின. நரியார் நீதிபதியைப் பார்த்துக் கையை விரித்தார். "கனம் நீதிபதி அவர்களே, இதற்கு மேல் எனக்குச் சாட்சி எதற்கு? சட்டத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதே சொல்லைக் குற்றவாளி தன் வாயால் சொல்லிவிட்டாள்." ஓணானார் தலையாட்டினார்.

"ஐயையோ, நான் சொன்னது அந்த வேணும்னே இல்லீங்க! வீடு வேணும்னு..."

"பாருங்கள், மறுபடியும் வேணும் என்கிறாள்" என்றார் நரியார்.

காத்தாயி சும்மா விடவில்லை. கூண்டுக் கம்பியைக் கொடுக்கால் தட்டினாள். "அப்ப அந்தப் பன்னி பறிச்ச பள்ளம்? அதைக் கேட்க மாட்டீங்களா? என் வளை நான் நுழையற அளவு. அவர் பறிச்ச பள்ளத்துல நீங்க எல்லாரும் நின்னுதானே என் வளையைப் பார்த்தீங்க?"

கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. ஆமையார் தலையை உள்ளே இழுக்கப் பார்த்தார், ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டார். காண்ட்ராக்டர் பன்றியாரைக் கூப்பிட்டார்கள். அவர் வெள்ளைத் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

"மண்ணை வேணும்னே பறிச்சீங்களா?" என்று நரியார் கேட்டார். இந்தத் தடவை குரலில் மரியாதை இருந்தது.

"சிவ சிவா! எனக்கு எதுக்குங்க மண்ணு? எனக்கு வேண்டவே வேண்டாம். ஒரு கூடை மண்ணு என் வீட்டுக்குப் போயிருந்தா என் மூக்கை அறுத்துக்கிறேன். கரைல எடுத்தேன், கரைலயே போட்டேன். அதுல கரை பலவீனம் ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது. நான் கரை கட்டறவன்தானே, கரையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

அடுத்து எருமையார் வந்தார். உடம்பிலிருந்து சேறு சொட்டியது. "நான் பார்க்கவே இல்லீங்க" என்றார். "பார்க்காததால எனக்கும் தெரியாது." பார்ப்பதுதானே உங்கள் வேலை என்று ஓர் அணில் மரத்திலிருந்து கத்தியது. அணிலை மன்றத்துக்கு வெளியே அனுப்பினார்கள்.

ஆமையார் தீர்ப்பு வாசித்தார். வாசித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று, சாரம் இதுதான். சட்டத்தில் வேண்டுமென்றே என்று இருக்கிறது. நண்டு வேண்டுமென்றே செய்தாள். பன்றியார் செய்தது வேண்டாமென்றே செய்தது. வேண்டாமென்றே செய்ததற்குத் தண்டனை என்னவென்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. எருமையார் எதுவுமே செய்யவில்லை, செய்யாததற்கு அவருக்கு ஏற்கெனவே சம்பளம் கொடுத்தாயிற்று. ஆகவே நண்டை மொட்டைப்பாறையில் போடவும்.

"ஐயா, என்னை எங்கே வேணாப் போடுங்க. வயித்துல பிள்ளைங்க இருக்கு. தண்ணி இல்லாட்டி செத்துப்போயிரும்" என்று காத்தாயி கதறினாள்.

"சட்டத்தின் முன் எல்லோரும் சமம்" என்றார் ஆமையார். "கழுகு இந்தக் குற்றத்தைச் செய்திருந்தாலும் இதே பாறைதான்." கழுகின் கூடு அந்தப் பாறையில்தான் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஓட்டுக்குள் போன தலைக்கு அது கேட்டிருக்காது.

மொட்டைப்பாறை வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஒரு வெடிப்பில், விடியற்காலைப் பனி இறங்கிக் கொஞ்ச நேரம் ஈரமாக இருக்கும். காத்தாயி அந்த வெடிப்பில் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்து உதிர்ந்தன. உதிர்ந்ததை அவள் கொடுக்கால் எடுத்து வெடிப்பின் நிழலுக்குத் தள்ளி வைத்தாள், நிழலில் வைத்தால் திரும்ப அசையுமோ என்கிற பைத்தியக்கார ஆசையில். அசையவில்லை. அவளைச் சபித்தவர்கள் அந்த நேரத்தில் அணைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு சிங்கராஜாவின் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாளுக்கு நன்னடத்தைக் கைதிகளை விடுதலை செய்வது வழக்கம். மொட்டைப்பாறையில் காய்ந்து கிடக்கிறவள் வேறு என்ன நடத்தையைக் காட்டிவிட முடியும்? காத்தாயியை விட்டார்கள். இரண்டே இரண்டு பிள்ளைகள் உயிரோடு மிச்சம் இருந்தன. கிளம்பும்போது ஒரு புகைப்படம் எடுத்தார்கள், அதில் சிங்கராஜாவின் படம்தான் பெரிதாக இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது அணையில் ஒரு விழா நடந்து முடிந்திருந்தது. அவளுடைய பழைய வளையை மண்ணும் கல்லும் சுண்ணாம்பும் போட்டு அடைத்து, "நண்டு சதி முறியடிக்கப்பட்ட இடம்" என்று எழுதிவைத்திருந்தார்கள். அடைத்த காண்ட்ராக்டர் பன்றியார்தான். அடைக்க மண் எங்கே எடுத்தார் என்று கேட்காதீர்கள். அடிவாரத்துப் பள்ளம் இப்போது முன்பைவிடப் பெரிதாக, அழகாக, தாமரைகூடப் பூத்து இருந்தது. காத்தாயி கரையைத் தொடவில்லை. தள்ளிப்போய் வாய்க்காலோரத்து வேர்களுக்கு அடியில் ஒண்டிக்கொண்டாள். பக்கத்துப் புதரில் ஒரு முயல், நாலு குட்டிகளோடு குடியிருந்தாள். நல்லவள். காத்தாயியின் பிள்ளைகளுக்கு வெயில் படாமல் இருக்கப் புல்லைக் கடித்துக் கொண்டுவந்து போட்டாள், பழைய கதை எதையும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. விடாமல் பெய்தது. மழை ஓய்ந்த ஒரு காலையில் பெரிய பிள்ளை ஓடிவந்தது.

"அம்மா, கரை நடக்குதும்மா!"

காத்தாயி எட்டிப் பார்த்தாள். உண்மைதான். அடிவாரம் பொதபொதவென்று ஊறி, கரை முழுக்க ஒரு கையளவு கீழே நழுவியிருந்தது. தாமரைக் குட்டை கொதிப்பதுபோலக் குமிழி விட்டது.

"போய்ச் சொல்லலாம்மா. வா."

"எதைச் சொல்றது?"

"கரை நடக்குதுன்னு."

"நீ பார்க்கலை" என்றாள் காத்தாயி.

"பார்த்தேம்மா! இப்பதானே..."

"பார்க்கலைன்னு சொல்றேன்ல! வாயைத் திறந்தே, கொடுக்கை ஒடிச்சிருவேன்."

பிள்ளை மிரண்டுபோனது. அம்மா ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. காத்தாயி இரண்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினாள். முயல் புதருக்குள் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எங்கே இந்தக் காலைலயே?" என்று கேட்டாள். காத்தாயி நின்றாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் முயல் ஊரைக் கூட்டுவாள். ஊர் கூடினால் யார் சொன்னது என்று கேட்பார்கள். பாறையும் வெடிப்பும் நிழலில் அசையாமல் கிடந்தவையும் கண்முன் வந்து நின்றன. "சும்மா, காத்து வாங்க. நீயும் பிள்ளைங்களோட வாயேன்" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"குட்டிங்க தூங்கட்டும். வெயில் வந்ததும் வரேன்" என்றாள் முயல்.

காத்தாயி இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு நடந்தாள். வழியில் இன்ஸ்பெக்டர் செந்நாய் ரோந்து வந்தார்.

"என்ன, கரைப் பக்கம் ஏதாச்சும் பார்த்தியா?"

"நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க ஐயா."

"பரவாயில்லையே, திருந்திட்ட" என்று மகிழ்ந்து அவர் பள்ளத்தை நோக்கி இறங்கினார்.

வெயில் வருவதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது.

பள்ளத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டரும் மிச்சமில்லை. எருமையார் நீந்திப் பிழைத்தார், பன்றியார் அன்றைக்கு வேறு ஊரில் வேறு கரை கட்டப் போயிருந்தார். விசாரணைக் குழு வந்தது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள், இந்தத் தடவை காடு முழுக்க ஒரே பதில். காத்தாயியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நீ எதையாவது பார்த்தாயா?"

"இல்லீங்க."

"எந்தச் சத்தமாவது கேட்டதா?"

வெளியே, வெள்ளத்தில் அடித்துப்போய் எங்கோ ஒதுங்கிப் பிழைத்த முயல், தன் குட்டிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சேற்றில் அலைந்துகொண்டிருந்தாள். காத்தாயிக்கு அது நன்றாகக் கேட்டது.

"இல்லீங்க" என்றாள்.

சதி எதுவும் இல்லை, இயற்கைச் சீற்றம் என்று குழு எழுதியது. சட்டம் வந்ததிலிருந்து வேண்டுமென்றே அணையை உடைக்கிற குற்றம் காட்டில் அறவே ஒழிந்துவிட்டது என்று சிங்கராஜா அறிவித்தார். உண்மையாகப் புகார் சொல்லப் போய்ப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு நல்ல குடிமகள் என்று ஒரு பட்டயம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வரும் வழியில் முயல் அவளைப் பிடித்து நிறுத்தி, "என் பிள்ளைங்களைப் பார்த்தியா?" என்று கேட்டாள். அதற்கும் காத்தாயி பார்க்கவில்லை என்றுதான் சொன்னாள்.

நீதி: கரையில் கசிவைக் கண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளோடு மேட்டுக்குப் போய்விடவும். ஊர் மூழ்கினால் அது இயற்கை, ஊரைக் கூப்பிட்டால் அது வழக்கு.